சுவர்க்கோழி கத்தாத மூன்று மாதம்

எங்கள் சந்தில் யார் வீட்டில் காசு தீர்ந்துவிட்டது என்பதை யாரும் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வாசலில் இருக்கும் மீட்டரே ஊருக்குச் சொல்லிவிடும்.

முன்பெல்லாம் மாதம் முழுக்கக் கரண்டை எரித்துவிட்டு, இருபதாம் தேதிக்குள் போய் வரிசையில் நின்று கட்டினால் போதும். கட்டாவிட்டால் ஆள் வருவான், கெஞ்சலாம், டீ போட்டுக் கொடுக்கலாம், நாளைக்கு என்று சொல்லலாம். இப்போது அதெல்லாம் நடக்காது. முதலில் காசு, பிறகுதான் வெளிச்சம். காசு கட்டினால் இருபது இலக்கத்தில் ஓர் எண் வரும். அதை மீட்டரில் ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். 'சரி' என்று காட்டினால் கரண்ட் ஏறிவிட்டது. அது தீரப்போகும்போது மீட்டர் கீச் கீச்சென்று கத்த ஆரம்பிக்கும். எண்ணைப் போடும்வரை வாயை மூடாது. எதிர்வீட்டுக்கு மாப்பிள்ளை பெண் பார்க்க வந்திருந்தாலும் அதற்கு இங்கிதம் கிடையாது.

அந்தச் சத்தத்துக்கு, இரவில் சுவர் இடுக்கில் கீச்சிடும் பூச்சியை நினைத்து, சுவர்க்கோழி என்று பெயர் வைத்தவள் ருமினி. அறுபதை நெருங்கும் விதவை. ஃப்ரீசர் ஒன்றை வைத்துக்கொண்டு பாசிப்பயறு, தேங்காய்ப்பால், புளி என்று பாக்கெட் ஐஸ் போட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு விற்பாள். பக்கத்து வீட்டு யூலியாத்தி, புளிக்கவைத்த சோயாவில் போடும் தெம்பே பஜ்ஜி விற்பவள். கணவன் தர்சோனோ லாரி ஓட்டுகிறான், மகள் மூன்றாம் வகுப்பு. இரண்டு வீடும் உண்மையில் ஒரே வீடுதான். வீட்டுக்காரர் ஹாஜி முக்சின் நடுவில் பலகை அடித்து இரண்டாக்கி, இரண்டு வாடகை வாங்குகிறார். இரண்டு மீட்டரும் வாசல் சுவரில் அருகருகே இருக்கும். இரண்டுமே ஹாஜியின் பெயரில்தான்.

யூலியின் மீட்டர் கத்தினால் ருமினி பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுப்பாள்.

"யூலி! உன் சுவர்க்கோழி கத்துது டீ! தீனி போடு!"

"உங்க ஐஸ்பெட்டி சத்தத்துக்கு எனக்கு எதுவுமே கேக்கல இபு!"

இபு என்றால் அம்மா; மூத்தவளை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம். இப்படிக் கத்திச் சிரித்துவிட்டால் அதில் வெட்கம் இல்லாமல் போய்விடும். அடுப்பில் சோறு இல்லை என்பதைக்கூடச் சிரிப்பாகச் சொல்லிவிடத் தெரிந்தவள் ருமினி. யூலிக்கு அவளைப் பிடித்ததற்கு அதுதான் முதல் காரணம்.

ருமினியின் ஒரே மகன் பர்யோனோ தைவானில் இரும்புப் பட்டறையில் வேலை செய்கிறான். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலையில் அம்மாவுக்கு ஒரு லட்சம் ரூபியாவுக்கு (எங்கள் ஊர்ப் பணத்தில் அது ஒரு மாத வெளிச்சத்துக்குத்தான் காணும்) கரண்ட் வாங்கி, அந்த எண்ணை யூலியின் கைபேசிக்கு அனுப்புவான். அம்மாவிடம் இருப்பது பொத்தான் போன். அதிலும் ஒன்பது வேலை செய்யாது. யூலி வாசித்து வாசித்து அழுத்துவாள். ருமினி பக்கத்தில் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். 'சரி' என்று வந்ததும் சின்னக் குழந்தை மாதிரிக் கைதட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை யூலியின் போனில் மகன் முகம் தெரிந்ததும் அவள் சொல்லும் முதல் வார்த்தை, "எரியுதுடா கண்ணு" என்பதுதான். இரண்டு வருடமாக இப்படித்தான் நடந்தது.

மழைக்காலத்தில் ருமினியின் மீட்டருக்குள் தண்ணீர் இறங்கிப் புகைந்துபோயிற்று. ஆட்கள் வந்து புது மீட்டர் மாட்டினார்கள். புது மீட்டருக்குப் புது எண். 'அக்கா, புது மீட்டர் நம்பரைப் படம் எடுத்து அனுப்புங்க' என்று பர்யோனோ செய்தி அனுப்பினான். யூலி அப்போது கொதிக்கும் எண்ணெய்க்கு முன்னால் நின்றிருந்தாள். அடுப்பைக் குறைத்துவிட்டு ஓடிவந்தாள். மாவுக் கையோடு ஒரு படம் எடுத்தாள், அனுப்பினாள், பஜ்ஜி கருகுவதற்குள் உள்ளே ஓடினாள். எடுத்தது தன் வீட்டு மீட்டரை என்பது அவளுக்குத் தெரியாது. அதுவரை அது வெறும் தவறுதான். அந்த எண்ணைப் போட்டுப் பார்த்த பர்யோனோவுக்கும் சந்தேகம் வரவில்லை. ஹாஜி முக்சின் என்றுதான் வந்தது. எப்போதும் அதுதானே வரும்.

அடுத்த முதல் தேதி. ருமினி பள்ளிவாசலில் பெண்கள் ஓதும் கூட்டத்துக்குப் போயிருந்தாள். எண் வந்தது. யூலி போய் ருமினியின் மீட்டரில் அழுத்தினாள். 'தவறு.' மறுபடி அழுத்தினாள். 'தவறு.' மூன்றாவது தடவை, ஒவ்வோர் இலக்கத்தையும் வாய்விட்டுச் சொல்லி அழுத்தினாள். 'தவறு.'

பக்கத்தில் அவளுடைய மீட்டர் காலையிலிருந்து கத்திக்கொண்டே இருந்தது. தர்சோனோவின் லாரி படகுத் துறையில் நான்கு நாளாக வரிசையில் நிற்கிறது. கையில் இருந்த காசு எண்ணெய்க்கே போதவில்லை. அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. கைபேசியில் பழைய படத்தைத் தேடி எடுத்தாள். படத்தில் இருந்த எண்ணைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள்.

சும்மா சரிபார்க்கத்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அந்த இருபது இலக்கத்தையும் தன் மீட்டரில் அழுத்தினாள். சரிபார்க்கப் படமே போதும். இருபது இலக்கத்தையும் அழுத்த வேண்டிய அவசியமே இல்லை. அது அவளுக்கும் தெரியும், இதைச் சொல்லும் எனக்கும் தெரியும். 'சரி' என்று வந்தது. சுவர்க்கோழி வாயை மூடியது. காலையிலிருந்து கேட்ட கத்தல் ஓய்ந்ததில் காது குளிர்ந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

அந்த நிமிடமே பர்யோனோவுக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். தம்பி, தப்பான படம் அனுப்பிட்டேன் என்று. அவன் சிரித்திருப்பான். யூலி எழுதவும் செய்தாள். எழுதிவிட்டு, 'இந்த மாசத்துக் கரண்ட் எங்க வீட்டுல ஏறிடுச்சு' என்ற இடம் வந்ததும் விரல் நின்றுவிட்டது. அழித்தாள். தர்சோனோ வந்ததும் ஒரு லட்சத்துக்கு வாங்கி இபு மீட்டரில் போட்டுவிட்டால் தீர்ந்தது, யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்தாள்.

ருமினி தலைத்துணியை அவிழ்த்துக்கொண்டே வந்தாள்.

"எண் வந்துச்சா டீ?"

"இன்னும் வரல இபு."

இதுதான் அந்தப் பொய். மூன்று வார்த்தை.

மறுநாள் ருமினி கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் கேட்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்களின் கூச்சம் அப்படிப்பட்டது. ஒரு தடவை கேட்டால் விசாரிப்பு, இரண்டாவது தடவை கேட்டால் நச்சரிப்பு. பசித்தவன்கூடச் சாப்பிட்டாச்சு என்றுதான் சொல்வான். பெற்ற பிள்ளையிடம் நீ ஏன் அனுப்பவில்லை என்று கேட்பதா? கேட்டால் அவன் முகம் வாடிப்போகுமே. கொடுப்பவனும் அப்படித்தான், கொடுத்தேன் வந்ததா என்று கேட்க மாட்டான், கேட்டால் சொல்லிக்காட்டுவது போல் ஆகிவிடும். அம்மாவும் பிள்ளையும் மாறி மாறிக் கூச்சப்பட்டார்கள். நடுவில் யூலி போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திரையில் பர்யோனோ தலைக்குல்லாவோடு தெரிந்தான்.

"அம்மா, வீடு வெளிச்சமா இருக்கா?"

"வெளிச்சத்துக்கு என்னடா கொறச்சல், நீ சாப்ட்டியா?"

எரியுதுடா என்று அவள் சொல்லவில்லை. அதை இரண்டு பேரும் கவனித்தார்கள், இரண்டு பேரும் அதைப் பேசவில்லை.

"யூலி அக்கா, படம் ஏன் இப்படி ஆடுது?"

"கை வலிக்குது தம்பி," என்றாள் யூலி.

தர்சோனோ வந்தான், பாதிச் சம்பளத்தோடு. மீதியை அடுத்த நடையில் தருகிறார்களாம். வாடகை, மகளுக்குச் செருப்பு, கடைப் பாக்கி. ஒரு லட்சம் வந்த வழியே போயிற்று. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் யூலி. அடுத்த மாதம் முதல் தேதிக்கு முன்னால் சரியான படத்தை அனுப்பிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள். அனுப்பினால் ஏன் இப்போது என்று கேட்பானே. போன மாதம் எங்கே போனது என்று கேட்பானே. நினைத்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது எண் வந்துவிட்டது. அதைப் போடாமலே வைத்திருந்தாள், மூன்று நாள். நான்காம் நாள் அவளுடைய மீட்டர் கத்த ஆரம்பித்தது. அழுத்தினாள். மூன்றாவது எண் வந்த அன்று யோசிக்கவே இல்லை. அதுதான் அவளைப் பிறகு மிகவும் சுட்டது. பழகிப்போயிற்றே என்று.

இந்தப் பக்கம் சுவர்க்கோழி அடங்கியது. அந்தப் பக்கம் ஓயாமல் கத்தியது. ருமினி தெருமுனைக் கடையில் இருபதாயிரம் இருபதாயிரமாக வாங்கி வந்து, கடைக்காரி தாளில் எழுதித் தந்த எண்ணை யூலியிடம் நீட்டுவாள். யூலி அழுத்துவாள். ருமினி கைதட்டுவதை விட்டுவிட்டாள். முதலில் ஃப்ரீசரைப் பகலில் மட்டும் ஓடவிட்டாள். ஐஸ் கட்டியாகவில்லை. பாசிப்பயறு ஐஸ் கஞ்சியாகப் போனதும் பிள்ளைகள் வேறு கடைக்குப் போனார்கள். பிறகு ஃப்ரீசரை அடியோடு நிறுத்திவிட்டு அதற்குள் துணியை மடித்து வைத்தாள்.

மகனை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. முதல் மாதம், "அங்க குளிர்காலம் டீ, ஓவர்டைம் இருக்காது. புள்ள வாயத் தொறந்து சொல்வானா?" என்றாள். இரண்டாம் மாதம், "ஏதோ பொண்ணு பாத்துட்டான் போல. செலவு இருக்கும்ல," என்று கண்ணடித்தாள். யூலி சிரித்து வைத்தாள். சிரித்துவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்தாள். பஜ்ஜி விற்கும்போது ருமினிக்கென்று நான்கு பஜ்ஜியை எடுத்து வைத்துக் கொடுப்பாள். "என்ன டீ, மூணு மாசமா கவனிப்பு பலமா இருக்கு," என்று ருமினி வாங்கிக்கொள்வாள். இலையில் சுற்றிய அந்த நான்கு பஜ்ஜியை நினைத்தால் யூலிக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மூன்றாம் மாதம் நடுவில் ஒரு காலை, எல்லோரும் 'பாக்', அதாவது ஐயா, என்று கூப்பிடும் பழைய சாமான்காரர் கஸ்மன் மூன்று சக்கர வண்டியோடு சந்துக்குள் வந்தார். யூலி மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். ஃப்ரீசர் வாசலுக்கு வந்திருந்தது. கஸ்மன் அதற்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். ருமினி ஈரத்துணியால் அதன் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வீட்டைவிட்டுப் போகிற சாமானை யாராவது துடைப்பார்களா?

"இபு, என்ன இது?"

"நிறுத்தி வெச்சதுக்குள்ள துணிதான் இருக்கு. துணி வைக்க அட்டப்பொட்டி போதாதா?" ருமினி துடைப்பதை நிறுத்தவில்லை. பிறகு, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்: "மறந்துட்டான் டீ. அவ்ளோதான். தூரத்துல இருந்தா மறந்துதான் போகும். நான் மட்டும் என்ன, எங்கம்மாவ நெனச்சுக்கிட்டேவா இருந்தேன்?"

யூலி இதுவரை ருமினியின் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததில்லை. அன்றும் தண்ணீர் இல்லை. துணியைப் பிழிந்தாள், மறுபடி துடைத்தாள். அந்தக் கதவு ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

"கயித்த அவுருங்க பாக்," என்றாள் யூலி.

"ஏன்மா? இப்பதான கட்டினேன்."

"அவுருங்க. இபு, உங்க புள்ள மறக்கல. ஒரு மாசம்கூட மறக்கல. எண் வந்துச்சு. மூணு மாசமும் வந்துச்சு. நான்தான் படத்த மாத்தி அனுப்பிட்டேன். என் மீட்டர் நம்பர் போயிடுச்சு. அவன் அனுப்பினதெல்லாம் என் வீட்டுல ஏறிச்சு. தெரிஞ்சேதான் போட்டேன். வரலன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன்."

ருமினி துணியோடு நின்றாள். யூலி மாவுக் கையோடு போனைத் திறந்து காட்டினாள். அந்தச் சின்ன எழுத்து ருமினிக்குத் தெரியாது. விரலை வைத்துக் கேட்டாள்.

"இது?"

"இந்த மாசம்."

"இது?"

"போன மாசம்."

"அதுக்கு மேல இருக்கறது?"

"அதுக்கு முந்தின மாசம் இபு."

"மூணும் அவன் அனுப்பினதா? அவனேவா?"

"அவனேதான். முதல் தேதி, காலையில ஆறு மணிக்கெல்லாம்."

ருமினியின் முகம் முழுக்கச் சிரிப்பு வந்தது. மூன்று மாதமாக யூலி பார்க்காத சிரிப்பு. "அப்ப அவனுக்கு ஷிஃப்ட் ஆரம்பிக்கற நேரமாச்சே," என்றாள் கஸ்மனைப் பார்த்து, "அதுக்கு முன்னாடி அனுப்பிட்டுப் போயிருக்கான், பாத்தீங்களா?" திட்டியிருந்தால், மாவுப் பாத்திரத்தைத் தூக்கி எறிந்திருந்தால் யூலி தாங்கியிருப்பாள். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. அழுதுவிட்டாள்.

அழுகையைப் பார்த்ததும்தான் ருமினிக்கு மற்றது புரிந்தது. சிரிப்பு மெல்ல இறங்கியது.

"யூலி, என் சோத்தத் தின்னிருந்தா விட்டிருப்பேன். கேட்டிருந்தா நானே போட்டிருப்பேன். நீ மூணு மாசமா என் புள்ளையத் தின்னுட்ட."

கஸ்மன் தொண்டையைக் கனைத்தார்.

"எனக்கு ஏற்கெனவே முதுகு வலி. ஏத்தறதா எறக்கறதா, ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்கம்மா."

"எறக்கறதுக்கு என்ன இருக்கு, இன்னும் ஏத்தவே இல்லையே," என்றாள் ருமினி. இடுப்புத்துணி முடிச்சிலிருந்து அவர் கொடுத்த முன்பணத்தை எடுத்து நீட்டினாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே கயிற்றைச் சுருட்டினார்.

"திருப்பித் தந்துடறேன் இபு. கொஞ்சம் கொஞ்சமா..."

"நீ எங்க இருந்து தருவ? மூணு மாசம் என் பெட்டி உன் வீட்டுக் கரண்ட்ல ஓடட்டும். அதான் கணக்கு."

அன்று மதியமே பலகைக்கு மேலே இருந்த இடைவெளி வழியாக ஒரு சிவப்பு வயர் யூலியின் வீட்டுக்குள் இறங்கியது. ருமினியின் ஃப்ரீசர் யூலியின் மீட்டரில் உறும ஆரம்பித்தது. அந்தச் சத்தம் யூலிக்கு ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனைத் தூக்கிக்கொண்டு போனாள். பர்யோனோவிடம் எல்லாவற்றையும் தானே சொல்லிவிடுவதென்று காலையிலிருந்தே வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். திரையில் அவன் முகம் வந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் ருமினி போனை வாங்கிக்கொண்டாள். இரண்டு வருடத்தில் அவள் அதைத் தன் கையில் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"எரியுதுடா கண்ணு."

அவன் சிரித்தான். "என்னம்மா, மூணு மாசமா சொல்லவே இல்ல? கோவமோன்னு நெனச்சேன்."

"மறந்துட்டேன்டா. வயசாகுதில்ல. நீ போட்டதெல்லாம் வந்துச்சு. மீட்டர் நம்பர்ல ஏதோ மாத்தம் இருக்காம், யூலி புதுசா படம் அனுப்புவா. அடுத்த மாசத்துல இருந்து அதுக்குப் போடு."

"சரிம்மா. யூலி அக்காகிட்ட குடு. அக்கா, உங்களுக்கு ஒரு டப்பா அன்னாசி கேக் அனுப்பறேன். நீங்க இல்லன்னா அம்மாவ யார் பாத்துப்பா?"

"வேணாம் தம்பி," என்றாள் யூலி. "வேணாம்."

"கூச்சப்படாதீங்க அக்கா," என்று அவன் சிரித்தான்.

போனை வைத்ததும் யூலி, "நான் சொல்லியிருப்பேனே இபு," என்றாள்.

"உனக்காக ஒண்ணும் சொல்லல. அவன் அங்க மெஷினுக்குள்ள கைய விட்டு வேலை பாக்கறான். மூணு மாசம் அம்மா இருட்டுல இருந்தான்னு தெரிஞ்சா மனசு இங்கயே கெடக்கும். விரல் போயிடும்." ருமினி எழுந்துபோய் ஐஸ் பாக்கெட்டுகளை அடுக்கினாள். "கேக் வந்தா வாங்கித் தின்னு. வேணாம்னா சந்தேகப்படுவான்."

புது முதல் தேதி வந்தது. ஆறு மணிக்கு எண் வந்தது. யூலி போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். ருமினி ஏற்கெனவே மீட்டருக்கு முன்னால் நின்றிருந்தாள்.

"நீ படி. நான் அழுத்தறேன்."

யூலி படித்தாள். ருமினி ஒற்றை விரலால், ஒவ்வோர் இலக்கத்துக்கும் திரையைப் பார்த்துப் பார்த்து அழுத்தினாள். இருபதுக்கு ஒரு யுகம் ஆயிற்று. 'சரி' என்று வந்தது. யூலியின் கை தட்டுவதற்காகத் தானே உயர்ந்தது. ருமினி தட்டவில்லை. யூலி கையை இறக்கிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மீட்டர் கத்த ஆரம்பித்தது. யூலியுடையது. இரண்டு வீட்டுச் சுமையை இழுத்து இழுத்துத் தீர்ந்துபோயிருந்தது. கீச் கீச்சென்று சந்து முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

யூலி காத்திருந்தாள். உன் சுவர்க்கோழி கத்துது டீ, தீனி போடு என்று அந்தக் குரல் வரும் என்று காத்திருந்தாள். கேலியாக வேண்டாம், கோபமாகவாவது வரட்டும். ருமினி ஒரு கை தூரத்தில்தான் நின்றிருந்தாள். கத்தும் மீட்டரை ஒரு தடவை பார்த்தாள். அழுத்திய விரலைத் தலைத்துணி முனையில் துடைத்துக்கொண்டாள். உள்ளே போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள்.

யூலி வாசலிலேயே நின்றாள். மீட்டர் கத்திக்கொண்டே இருந்தது.